நெல்லின் உறக்கத்தைத் தீர்மானிக்கும் இருபது எழுத்துகள்

குறுவை அறுவடைக்குத் தயாராக நிற்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் காவிரி டெல்டாவில் என்ன நடக்கும் என்பதை விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கதிர் சாய்ந்து தண்ணீரில் படுத்துவிடும். அறுவடை இயந்திரம் வயலில் இறங்க வழி இருக்காது. நான்கைந்து நாள் கழித்துக் கதிரைத் தூக்கிப் பார்த்தால் மணியின் அடிமுனையில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். அரிசியாக நிற்க வேண்டிய மாவுச்சத்து அதற்குள் சர்க்கரையாகக் கரையத் தொடங்கியிருக்கும். அந்த நெல் விதைக்கும் ஆகாது, ஆலைக்கும் ஆகாது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினாலே கொள்முதல் நிலையத்தில் தகராறு. முளைவிட்ட நெல் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. நன்றாகக் காய்ந்த புது நெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி முளைகட்டினால், சில ரகங்களில் பாதி மணிகள் அசையாமல் கிடக்கும். விதை செத்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். சாகவில்லை, உறக்கத்தில் இருக்கிறது. சில வாரம் பொறுத்து அதே விதையை ஊறவைத்தால் ஒழுங்காக முளைக்கும். விதை உறக்கம் என்று வேளாண்மைத் துறையினர் சொல்வது இதைத்தான். உறக்கம் இல்லாத ரகம் மழையில் கதிரிலேயே முளைக்கிறது. உறக்கம் மிகுந்த ரகம் விதைக்கிற நாளில் ஏமாற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு ரகத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது பயிர்ப் பெருக்கம் செய்பவர்களின் பழைய தலைவலி.

அந்த அளவு விதைக்குள் எப்படி நிர்ணயமாகிறது என்ற கேள்விக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த விடைகளில் ஒன்று மைக்ரோஆர்என்ஏ. உறக்கம் மட்டுமல்ல, விதையின் வீரியம், முளைத்த பின் வரும் வறட்சி, வெப்பம், நோய் என்று பயிரின் பல நெருக்கடிகளில் இதன் கை இருக்கிறது. அதனால் ‘வறட்சியைத் தாங்க வைக்கும் மைக்ரோஆர்என்ஏ கண்டுபிடிப்பு’ என்ற வகைத் தலைப்புகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. அப்படி ஒன்று தனியாக இல்லை என்பதே இந்த ஆய்வுகளைத் தொடர்ந்து படிப்பதில் எனக்குத் தெரிவது. எந்தத் திசுவில், எந்தக் கட்டத்தில், எந்தப் பயிரில் வேலை செய்கிறது என்பதை விட்டுவிட்டு ஒரு மைக்ரோஆர்என்ஏவை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது.

மரபணுவில் உள்ள செய்தி முதலில் தூது ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறது, அதைப் படித்துச் செல் புரதம் செய்கிறது. இதுவரை பள்ளிப் பாடம். மைக்ரோஆர்என்ஏவும் மரபணுவிலிருந்து படியெடுக்கப்படுவதுதான், ஆனால் அதிலிருந்து புரதம் எதுவும் உண்டாவதில்லை. நீளமான இழையாகத் தொடங்கி, தன்மேல் தானே மடிந்து கொண்டை ஊசி வடிவில் நிற்கும். செடிகளில் டிசிஎல்1 என்ற புரதம் அதை நறுக்கி, 20 முதல் 24 எழுத்து நீளமுள்ள துண்டை வெளியே எடுக்கிறது. எழுத்து என்பது இங்கே ஆர்என்ஏ இழையைக் கோக்கும் ஏ, யு, ஜி, சி என்ற நான்கு வேதி அலகுகளில் ஒன்று. 21 எழுத்துத் துண்டுகளே மிகுதி. ஆர்கோநாட்1 என்ற இன்னொரு புரதம் அந்தத் துண்டைப் பற்றிக்கொண்டு, அதன் எழுத்துகளோடு இணை சேரும் தூது ஆர்என்ஏ எங்கே இருக்கிறது என்று தேடுகிறது. கிடைத்ததும் துண்டின் 10ஆம், 11ஆம் எழுத்துகளுக்கு நடுவே நேர் எதிரில் வெட்டுகிறது. வெட்டுப்பட்ட தூது சிதைந்துபோகிறது. அந்தப் புரதம் உருவாவதில்லை, அல்லது குறைவாக உருவாகிறது.

விலங்குகளில் அரைகுறைப் பொருத்தமே போதும். ஒரே மைக்ரோஆர்என்ஏ ஏராளமான மரபணுக்களை மெல்ல அடக்கி வைக்கும். செடிகளில் ஏறத்தாழ முழுப் பொருத்தம் வேண்டும், எனவே ஒவ்வொன்றுக்கும் இலக்குகள் சிலவே. ஆனால் அந்தச் சில இலக்குகள் சாதாரணமானவை அல்ல. பெரும்பாலும் அவை வேறு பல மரபணுக்களை இயக்கும் காரணிகள். ஒன்றை வெட்டினால் அதற்குக் கீழே ஒரு கூட்டமே அடங்கும்.

இந்தத் துறையின் கதை ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் தொடங்கியது. 1993இல் தனித்தனி ஆய்வகங்களில் விக்டர் ஆம்ப்ரோஸ் அந்தப் புழுவின் முதல் மைக்ரோஆர்என்ஏவை அடையாளம் கண்டார், கேரி ருவ்கன் அது தன் இலக்கை அடக்கும் விதத்தைக் கண்டார். 2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவர்கள் இருவருக்கும் கிடைத்தது. செடிகளில் மரபணுக்களை அடக்கும் சிறு ஆர்என்ஏக்கள் இருப்பதை 1999இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ஹாமில்டனும் டேவிட் பால்கமும் காட்டியிருந்தார்கள். 2008இல் லாஸ்கர் விருதை ஆம்ப்ரோஸ், ருவ்கன், பால்கம் மூவருக்கும் சேர்த்தே தந்தார்கள். நோபல் குழு செடிக்காரரை விட்டுவிட்டது. மருத்துவப் பரிசில் தாவரவியல் ஒதுங்கி நிற்பது புதிதல்ல என்றாலும், இந்த முறை அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

2002இல் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியிலிருந்து 16 மைக்ரோஆர்என்ஏக்களைப் பட்டியலிட்டார்கள். 156 முதல் 171 வரை எண்கள். எண்ணுக்குத் தனிப் பொருள் இல்லை, கண்டுபிடித்த வரிசைதான். அவற்றில் எட்டு, அப்போதுதான் வெளிவந்திருந்த நெல் மரபணுத் தொகுதியிலும் எழுத்து மாறாமல் இருந்தன. கடுகு இனத்துச் செடியும் புல் இனத்துப் பயிரும் பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆன பிறகும் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்றால், மாறியவை பிழைக்கவில்லை என்று பொருள்.

அந்த வரிசையில் முதலாவதை, மிர்156 என்பதை, கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். அதன் எழுத்துகள் இவ்வளவுதான்: யு, ஜி, ஏ, சி, ஏ, ஜி, ஏ, ஏ, ஜி, ஏ, ஜி, ஏ, ஜி, யு, ஜி, ஏ, ஜி, சி, ஏ, சி. மொத்தம் இருபது. நெல்லின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 40 கோடி எழுத்து நீளம். அதில் இந்த இருபது எழுத்துத் துண்டு எஸ்பிஎல் என்ற குடும்பத்தைச் சேர்ந்த காரணிகளின் தூதுகளைத் தேடி வெட்டுகிறது. நாற்றுப் பருவத்தில் மிர்156 நிறைய இருக்கும். வயது ஏற ஏறக் குறையும். அது குறைந்து எஸ்பிஎல் காரணிகள் தலைதூக்கும்போது செடி இளமையைத் தாண்டிப் பூக்கும் பருவத்துக்குப் போகிறது. பயிரின் வயதை அளக்கும் கடிகாரங்களில் இது ஒன்று என்று தாவரவியலார் சொல்வது இதனால்தான்.

விதையில் இதன் வேலை அதற்கும் முன்பே ஆரம்பித்துவிடுகிறது. கருவுற்ற முட்டை இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரியும் கட்டத்திலேயே மைக்ரோஆர்என்ஏக்கள் வேலையில் இறங்கியிருக்கின்றன. டிசிஎல்1 பழுதான அராபிடாப்சிஸ் செடிகளில், துண்டு நறுக்க ஆளில்லாததால், முளைக்கரு உருண்டையாகும் தொடக்க நிலையிலேயே வளர்ச்சி நின்றுவிடுகிறது. 2010இல் இதை ஆராய்ந்தவர்கள், எட்டுச் செல் கட்டத்திலேயே இரண்டு எஸ்பிஎல் காரணிகள் அளவுக்கு மீறிப் பெருகியிருப்பதைக் கண்டார்கள். விதை முதிரும்போது விழிக்க வேண்டிய மரபணுக்கள் அந்தப் பச்சைக் கருவில் அகால வேளையில் விழித்துக்கொண்டிருந்தன. முளைக்கருவில் மிர்156 அன்று செய்யும் வேலை, ‘இன்னும் நேரம் வரவில்லை’ என்று தடுத்து வைப்பது.

நெல்லில் இந்த இணையின் மதிப்பு வெளியே தெரிந்ததும் அதே 2010இல்தான். சீனாவில் ஜியாயாங் லீ குழு, தூர் குறைவாகவும் தண்டு தடிமனாகவும் கதிரில் மணி நிறையவும் இருந்த ஒரு நெல் வகையை எடுத்து, காரணத்தைத் தேடிப் போனது. எஸ்பிஎல்14 என்ற மரபணுவில் மிர்156 வந்து ஒட்டும் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. இணை சரியாகச் சேரவில்லை, வெட்டு விழவில்லை, எஸ்பிஎல்14 கூடுதலாக நின்றது. உருப்படாத தூர்கள் குறைந்தன, இருக்கிற தூர்கள் கனமான கதிர் வைத்தன, தண்டு சாயாமல் நின்றது. அந்த மரபணுவுக்கு லட்சியச் செடி அமைப்பு என்ற பொருளில் ஐபிஏ1 என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானியக் குழு ஒன்றும் அதே ஆண்டில் அதே மரபணுவை வேறு வழியில் வந்தடைந்தது. அந்த மாற்றத்தைக் கொண்ட ரகங்கள் பிறகு சீன வயல்களுக்கே போய்விட்டன.

இங்கே கவனிக்க வேண்டியது, யாரும் மிர்156ஐத் தொடவில்லை என்பது. அது செடி முழுதும் வழக்கம்போல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஓர் இலக்கு மட்டும் அதன் பிடியிலிருந்து நழுவியது. மிர்156ஐயே ஒட்டுமொத்தமாகக் கூட்டினால் நெல் புதர் போலத் தூர்விட்டுக் குட்டையாகி, கதிர் சிறுத்துப்போகும். மணி பெரிதாவதிலும் இதே கதைதான். மிர்396 ஒட்டும் இடத்தில் இரண்டு எழுத்து மாறிய ஜிஆர்எஃப்4 என்ற மரபணு நெல்மணியை நீளமாகவும் அகலமாகவும் ஆக்குகிறது என்று 2015இல் தெரியவந்தது. 2018இல் அதே மரபணு தழைச்சத்தைப் பயிர் எடுத்துக்கொள்ளும் திறனோடும் இணைந்திருப்பது வெளியானது. இரண்டிலும் மாற்றம் ஆய்வகத்தில் உண்டாக்கப்பட்டதல்ல. ஏற்கெனவே நெல் வகைகளில் இருந்ததை ஆய்வாளர்கள் தேடி எடுத்தார்கள்.

இனி உறக்கத்துக்கு வருவோம். விதைக்குள் இரண்டு ஹார்மோன்கள் எதிரெதிரே இழுக்கின்றன. அப்சிசிக் அமிலம் உறங்கச் சொல்கிறது. ஜிப்பரெலின் எழுந்திரு என்கிறது. ஜிப்பரெலின் கை ஓங்கினால் மணியின் வெளிப்புறத் திசு அடுக்கிலிருந்து ஆல்ஃபா அமிலேஸ் என்ற நொதி சுரந்து, மாவுச்சத்தை உடைத்து முளைக்கு ஊட்டுகிறது. மழையில் சாய்ந்த கதிரில் நடப்பதும் இதுவே, வேண்டாத நேரத்தில்.

2019இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளிவந்த சீன ஆய்வு ஒன்று இந்த இழுபறியில் மிர்156 எங்கே நிற்கிறது என்று காட்டியது. நெல்லில் மிர்156ஐத் தரும் மரபணு ஒன்றல்ல, பல. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே துண்டைத்தான் தருகின்றன. ஒரே செய்தியை வெவ்வேறு தெருவில் வெவ்வேறு தண்டோராக்காரர் அறைவது போல, ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு பருவத்தில் ஒலிக்கிறது. மரபணுத் திருத்தம் மூலம் இவற்றில் ஒரு துணைக்குழுவை முடக்கியபோது, விதை உறக்கம் கூடியது, கதிரில் முளைப்பது குறைந்தது. செடியின் அமைப்பும் மணியின் அளவும் பெரிதாக மாறவில்லை. இன்னொரு துணைக்குழுவை முடக்கியபோது நேர்மாறு: செடியின் அமைப்பு மாறியது, மணி பெரிதானது, உறக்கத்தில் மாற்றம் அதிகமில்லை. முதல் குழுவில் நடந்ததற்கு விளக்கமும் கிடைத்தது. மிர்156 குறைந்ததால் ஐபிஏ1 கூடியது. ஐபிஏ1 ஜிப்பரெலின் பாதையிலுள்ள பல மரபணுக்களை நேரடியாகக் கட்டுப்படுத்தி அந்தப் பாதையை அடக்கியது.

இந்த ஆய்வை நான் மற்றவற்றுக்கு மேலே வைப்பேன். மகசூலுக்கும் உறக்கத்துக்கும் ஒரே மைக்ரோஆர்என்ஏ பொறுப்பு என்று தெரிந்த நேரத்தில், ஒன்றைத் தொட்டால் மற்றது கெடும் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். அந்த முடிச்சை அவிழ்க்க இடம் இருக்கிறது என்று இது காட்டியது. துண்டு ஒன்றே ஆனாலும் அதைத் தரும் மரபணு எங்கே, எப்போது இயங்குகிறது என்பதைக் கொண்டு பிரித்துத் தொடலாம்.

நெல்லுக்கு வெளியிலும் இதற்குச் சாட்சி உண்டு. லெட்யூஸ் கீரை விதை வெப்பம் கூடினால் முளைக்க மறுக்கும்; கலிஃபோர்னியாவில் கோடையில் விதைப்பவர்களுக்கு இது பெரிய தொந்தரவு. விதை உறக்கத்துக்குப் பேர்போன டாக்1 என்ற மரபணு, அந்தக் கீரையில் மிர்156, மிர்172 ஆகியவற்றின் வழியாகவே முளைப்பையும் பூக்கும் காலத்தையும் சேர்த்து ஆள்கிறது என்று டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். எப்போது முளைப்பது, எப்போது பூப்பது என்ற இரண்டு முடிவுகளும் ஒரே இடத்தில் எடுக்கப்படுகின்றன.

அப்சிசிக் அமிலத்தின் பக்கம் இன்னும் இரண்டு மைக்ரோஆர்என்ஏக்கள் நிற்கின்றன. முளைக்கும் விதையில் அப்சிசிக் அமிலம் கூடினால் மிர்159 கூடுகிறது. அது மிப் குடும்பக் காரணிகள் இரண்டை வெட்டுகிறது. அந்தக் காரணிகளோ அப்சிசிக் அமிலத்தின் கட்டளையை வலுப்படுத்துபவை. அதாவது, உறங்கச் சொல்லும் ஹார்மோன் தன் குரல் அளவுக்கு மீறிப் போகாதபடி தானே ஒரு தடையையும் எழுப்பிவைக்கிறது. 2007இல் அராபிடாப்சிஸில் கண்டது இது. அதே ஆண்டு இன்னொரு குழு, ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனோடு தொடர்புள்ள ஒரு காரணியை மிர்160 வெட்ட முடியாதபடி மாற்றிச் செடியில் வைத்தபோது, விதைகள் அப்சிசிக் அமிலத்துக்கு மிகையாகப் பணிந்து முளைக்கத் தயங்கின.

இதையெல்லாம் விதை எப்போது எழுதி வைக்கிறது? பெரும்பகுதி தாய்ச்செடியில் இருக்கும்போதே. உலர்ந்த விதை வெறும் மாவு மூட்டை அல்ல. முளைக்கத் தேவையான தூதுகளை அது ஏற்கெனவே படியெடுத்துச் சேமித்து வைத்திருக்கிறது. 2004இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் புதிதாகப் படியெடுப்பதை நிறுத்தும் ஒரு காளான் நஞ்சில் அராபிடாப்சிஸ் விதையை ஊறவைத்தார்கள். அப்போதும் முளைவேர் வெளியே வந்தது. அதற்கு மேல்தான் வளர்ச்சி நின்றது. அந்தச் சேமிப்பில் மைக்ரோஆர்என்ஏக்களும் உண்டு. மணி பால் பிடிக்கும் நாட்களில் அடித்த வெயிலோ, விழுந்த மழையோ அடுத்த பருவத்து நாற்றங்காலில் தெரிவதற்கு இந்தச் சேமிப்பும் ஒரு வழி.

விதைச்சான்று அட்டை தொங்கும் நெல் மூட்டையில் முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம், புறத்தூய்மை 98 சதவீதம், ஈரப்பதம் அதிகபட்சம் 13 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரம். ஆனால் முளைப்புத்திறன் வேறு, வீரியம் வேறு. ஆய்வுக்கூடத்தில் 80 முளைத்த விதை, சேற்றில், குளிரில், ஆழத்தில் போட்டால் 80 முளைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. சேமிப்பில் விதை மெல்ல முதுமை அடைகிறது. ஈரப்பதத்தை ஒரு சதவீதம் குறைத்தால் விதையின் ஆயுள் இரட்டிக்கும், வெப்பநிலையை 5 டிகிரி குறைத்தாலும் இரட்டிக்கும் என்ற ஹாரிங்டனின் பழைய விதி இன்றும் சேமிப்புக் கிடங்குகளில் வழிகாட்டுகிறது. முதுமையை விரைவாகப் பார்க்க விதையைச் சில நாட்கள் 40 டிகிரிக்கு மேல், புழுக்கம் நிறைந்த காற்றில் வைப்பார்கள். அப்படிச் செயற்கையாக முதுமைப்படுத்திய நெல் விதைகளில் எந்த மைக்ரோஆர்என்ஏக்கள் மாறுகின்றன என்று பார்த்த சீன ஆய்வு ஒன்று, மிர்164, மிர்168 ஆகிய குடும்பங்களில் தலா ஒன்றைப் பிடித்தது. முதலாவதை அடக்கிய நெல்லிலும், இரண்டாவதைக் கூட்டிய நெல்லிலும் விதைகள் முதுமையை நன்றாகத் தாங்கின. இவற்றில் மிர்168 விசித்திரமானது. அது வெட்டுவது ஆர்கோநாட்1இன் தூதை. தன்னைப் பிடித்துக்கொண்டு வெட்டும் புரதத்தையே அது அளவோடு வைக்கிறது. அதைத் தொட்டால் மற்ற எல்லா மைக்ரோஆர்என்ஏக்களின் வேலையும் கொஞ்சம் அசையும் என்பதால், விதை வீரியத்துக்காக அதைக் கூட்டலாம் என்ற யோசனையை நான் அவ்வளவு எளிதாக ஏற்கமாட்டேன்.

வறட்சி, வெப்பம், உப்பு என்று வரும்போது ஆய்வுக் குவியல் மிகப் பெரிது. அதில் பாதி ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு பயிருக்கு ஒரு வாரம் தண்ணீர் நிறுத்து, இலையை அரைத்துச் சிறு ஆர்என்ஏக்களை வரிசைப்படுத்து, இவை ஏறின, இவை இறங்கின என்று பட்டியல் போடு. ஏறியது என்பதாலேயே அது காப்பாற்றியது என்று ஆகிவிடாது. வாடிய செடியில் வாட்டத்தின் விளைவாகவும் ஏறியிருக்கலாம். ஏறியதைக் கூட்டியும் குறைத்தும் செடி வைத்துப் பார்த்தவர்களின் முடிவுகளே எடைக்கு நிற்பவை. அந்த முடிவுகளோ ஒன்றோடு ஒன்று மோதுகின்றன.

மிர்169ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அராபிடாப்சிஸில் வறட்சி வந்தால் இது குறைகிறது. அதனால் அதன் இலக்கான ஒரு காரணி கூடி, இலைத்துளைகள் மூடிக்கொள்ள உதவுகிறது. மிர்169ஐக் கூட்டிய செடி தண்ணீரை விரைவாக இழந்து வாடியது. இது 2008இல். மூன்று ஆண்டு கழித்துத் தக்காளியில் அதே குடும்பத்து ஒன்றைக் கூட்டியபோது இலைத்துளைகள் குறைவாகத் திறந்தன, வறட்சியைச் செடி நன்றாகத் தாங்கியது. மிர்398க்கும் இந்தக் குணம் உண்டு. செல்லுக்குள் நச்சாகும் ஆக்ஸிஜன் வடிவங்களை அடக்கும் நொதிகளை அது வெட்டி வைத்திருக்கிறது. கடும் ஒளி, உலோக நச்சு ஆகியவை தாக்கும்போது மிர்398 குறைந்து அந்த நொதிகள் கூடுகின்றன என்று 2006இல் ராமாஞ்சுலு சுங்கர் முதலானோர் காட்டினார்கள். அதைப் படித்தவர்கள் மிர்398ஐக் குறைத்தால் பயிர் தாங்கும் என்று முடிவு கட்டியிருப்பார்கள். ஆனால் 2013இல் வெப்பத்தைப் பார்த்தபோது அதே செடியில் மிர்398 ஏறியது. அது வெட்ட முடியாத நொதியைக் கொண்ட செடிகள் வெப்பத்தில் முன்னதாகவே துவண்டன.

எனக்குப் பிடித்த முரண் மிர்397. இது லாக்கேஸ் என்ற நொதிக் குடும்பத்தை வெட்டுகிறது. செல்சுவரைக் கெட்டியாக்கும் லிக்னின் உருவாவதில் லாக்கேஸுக்குப் பங்கு உண்டு. 2013இல் சீனக் குழு ஒன்று மிர்397ஐ ஜப்பானிகா என்ற நெல் பிரிவில் கூட்டியபோது மணி பெரிதாகி, கதிர் அதிகமாகக் கிளைத்து, வயல் சோதனையில் மகசூல் 25 சதவீதம் வரை உயர்ந்தது. செய்தி உலகெங்கும் போனது. 2018இல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பி.வி. சிவபிரசாத் குழு, சாகுபடியிலுள்ள இந்திகா என்ற இன்னொரு பிரிவின் நெல் ரகங்களையும் காட்டு நெல் உறவுகளையும் ஒப்பிட்டது. காட்டு நெல்லில் மிர்397 ஏராளம். உயர் விளைச்சல் ரகங்களில் கிட்டத்தட்ட இல்லை. காட்டு நெல்லில் அது 22 எழுத்து நீளத்தில் இருந்து லாக்கேஸ் குடும்பத்தைப் பலமாக அடக்கிக்கொண்டிருந்தது. சாகுபடி நெல்லில் அதைத் திரும்பக் கூட்டியபோது விளைச்சல் குறைந்து, செடி காட்டு நெல்லின் பக்கம் சாய்ந்தது. மனிதன் நெல்லை வீட்டுப் பயிராக்கிய நெடுங்காலத்தில் கழித்துக் கட்டியவற்றில் இந்த மைக்ரோஆர்என்ஏவும் ஒன்று என்பது அவர்கள் வாதம். ஒரே எண், இரண்டு நெல், இரண்டு முடிவு. எழுத்து நீளம் 21ஆ 22ஆ என்பதே வேறு விளைவைத் தரும், ஏனெனில் 22 எழுத்துத் துண்டு வெட்டிய தூதிலிருந்து இன்னும் பல சிறு ஆர்என்ஏக்கள் கிளைத்து அடக்குமுறை பெருகும். இரண்டு ஆய்வுகளில் ஒன்று தவறு என்று நான் நினைக்கவில்லை. ஜப்பானிகாவில் கிடைத்ததை இந்திகாவுக்கு அப்படியே பெயர்த்து வைக்க முடியாது என்பதுதான் தெரிகிறது.

நோயிலும் மிர்156இன் பிடியிலிருந்து நழுவிய ஐபிஏ1 திரும்ப வருகிறது. மகசூல் கூடினால் நோய் எதிர்ப்பு குறையும் என்பது பயிர்ப் பெருக்கத்தில் பொது அனுபவம். 2018இல் சிச்சுவானிலிருந்து வந்த ஆய்வு, குலைநோய்ப் பூஞ்சை தாக்கியதும் ஐபிஏ1 புரதத்தில் ஒரு பாஸ்பேட் ஒட்டுகிறது என்றும், அது மகசூல் மரபணுக்களை விட்டு எதிர்ப்பு மரபணுக்களின் பக்கம் திரும்புகிறது என்றும், 48 மணி நேரத்துக்குள் பழைய வேலைக்கு வந்துவிடுகிறது என்றும் காட்டியது. மகசூல், உறக்கம், குலைநோய் மூன்றும் ஒரு காரணியின் தலையில். அந்தக் காரணியின் தலைமேல் இருபது எழுத்து.

இடையில் ஒரு பயத்தையும் தீர்த்துவிடலாம். அரிசிச் சோற்றில் உள்ள மிர்168 மனித இரத்தத்தில் கலந்து கல்லீரல் மரபணுவை அடக்குகிறது என்று 2011இல் ஓர் ஆய்வு வெளிவந்து பெரிய பரபரப்பை உண்டாக்கியது. 2013இல் வேறு ஆய்வாளர்கள் எலிகளுக்கு அரிசி கொடுத்து அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அப்படி எதுவும் கிடைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சோறு தின்பவர்கள் இதற்காகத் தட்டைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் இது வயலுக்கு வரும் வழி எது? வேற்று மரபணு எதுவும் சேர்க்காமல், இருப்பதில் சில எழுத்துகளை மட்டும் திருத்திய பயிர்களுக்கு மரபணு மாற்றப் பயிர்களுக்கான விதிகளிலிருந்து மத்திய அரசு 2022 மார்ச்சில் விலக்கு அளித்தது. 2025 மே மாதம் அந்த வழியில் வந்த முதல் இரண்டு நெல் ரகங்களை மத்திய வேளாண் அமைச்சர் அறிவித்தார். ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கமலா ரகம், நம் சந்தையில் ஆந்திரா பொன்னி என்று விற்கும் பிபிடி 5204ஐத் திருத்தியது. டெல்லியின் பூசா டிஎஸ்டி ரைஸ் 1, எம்டியு 1010ஐத் திருத்தியது. இரண்டிலும் தொட்டது மைக்ரோஆர்என்ஏவை அல்ல. அறிவித்தபடி மகசூல் கூடுகிறதா என்ற சர்ச்சையும் உடனே கிளம்பியது. ஆனால் ஐபிஏ1இல் ஓர் எழுத்து மாற்றமோ, மிர்156 மரபணுக்களில் உறக்கத்துக்கான துணைக்குழுவை முடக்குவதோ இதே விலக்கின் கீழ் வரக்கூடியவைதான்.

அப்படி ஒன்று டெல்டாவுக்கு வரும் நாளில் கேட்க வேண்டிய முதல் கேள்வி உறக்கம் கூடியதா என்பதல்ல, எத்தனை நாள் கூடியது என்பது. குறுவைக் கதிர் மழையில் தப்ப இரண்டு மூன்று வாரம் போதும். அது மூன்று மாதமாக நீண்டால், அறுத்த விதையைச் சுத்தம் செய்து, முளைப்புச் சோதனைக்கு அனுப்பி, அடுத்த பட்டத்துக்கு மூட்டை கட்ட வேண்டிய விதைப் பண்ணைக்காரர் சோதனையில் 80 சதவீதத்தைத் தொட முடியாமல் விதை முழுவதையும் கிடங்கில் அடுக்கிவைத்துக் காத்திருக்க வேண்டிவரும். சிந்திய நெல் உறங்கிக் கிடந்து அடுத்த பயிரில் கலப்பாக முளைப்பது அதற்கு மேல். இந்த நாட்கணக்கை ஆய்வகத் தொட்டியில் பார்க்க முடியாது. ஆடுதுறையிலும் திரூரிலும் அம்பாசமுத்திரத்திலும் வெவ்வேறு பருவத்தில் நட்டு, மழை பெய்த ஆண்டிலும் பெய்யாத ஆண்டிலும் அறுத்து, வாரா வாரம் ஊறவைத்து எண்ணித்தான் பார்க்க வேண்டும்.